அப்பாவின் மாத்திரையும் அம்மாவின் பால் டம்ளரும்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 68 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான்கு வருடங்களுக்கு முன் வலது கை நடுங்க ஆரம்பித்து, நடையும் பேச்சும் மெதுவாகி, பார்க்கின்சன் நோய் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். சிண்டோபா 110 ஆரம்பித்த சில வாரங்களில் மறுபடி தன் கையாலேயே சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டாராம். மூன்று வருடங்களுக்கு மேல் குறையில்லாமல் ஓடியது. எட்டு மாதத்துக்கு முன் சிண்டோபாவை நான்கு வேளையாக்கி, பிரமிபெக்சோல் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு குமட்டல். வெறும் வயிற்றில் சாப்பிடுவதால்தான் இப்படி என்று அம்மா, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் பாலோடு மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தார். குமட்டல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முன்பகலில் கை கால் பூட்டிக்கொண்டது. மெடிக்கலில் கேட்டதற்கு, தினம் காலையில் சாப்பிட ஒரு கேஸ் மாத்திரையும், வாந்தி வந்தால் போட ஒரு மாத்திரையும் தந்திருக்கிறார்கள். ஐந்து மாதமாக அதுவும் ஓடுகிறது. இப்போது அப்பாவுக்கு முகத்தில் சிரிப்பே வருவதில்லை. நிலைப்படியைத் தாண்டப் போனால் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நடுவில் ஒரு மாமா, “இந்த மாத்திரை ஐந்து வருடம்தான் வேலை செய்யும், இப்போதே குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, பூனைக்காலிச் சூரணமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா வீட்டில் சொல்லாமலே இரவு மாத்திரையை விட்டுவந்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் மாத்திரையே இல்லை. மூன்றாம் நாள் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. எழுந்து நிற்கும்போது தலை சுற்றி ஒருமுறை விழுந்திருக்கிறார். இன்னொன்றை வாசகி கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்: அப்பா ராத்திரி தூங்காமல் கைப்பேசியில் பொருள் வாங்குகிறார். ஒரே மாதத்தில் எட்டு டார்ச் லைட், மூன்று மிக்ஸி. அடுத்த மாதம் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. “நோய் முற்றிவிட்டதா, இல்லை மாத்திரையே விஷமாகிவிட்டதா? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா டாக்டர்?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்த வேண்டாம். இதைப் படிக்கும்போது அப்பாவுக்கு அடுத்த வேளை நேரம் ஆகியிருந்தால், முதலில் சிண்டோபாவைக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, நீங்கள் சொன்ன மாதங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மாத்திரை கூடியது, குமட்டல், பால், கேஸ் மாத்திரை, அதற்கு ஆறேழு வாரம் கழித்து நிலைப்படியில் கால் ஒட்டியது. பார்க்கின்சன் வருடக்கணக்கில் மெல்ல நகரும் நோய். மூன்று வருடம் நன்றாக இருந்தவர் சில வாரங்களில் இப்படிச் சரிந்தால், நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் எடுத்தவுடனே நினைப்பதில்லை. சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமித் தொற்று இருக்கிறதா, மலச்சிக்கல் முற்றியிருக்கிறதா, மாத்திரைப் பையில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பையைப் பற்றி நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்தச் சிக்கல் முழுவதும் ஒரு சாதாரணக் குமட்டலில் ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சு விழுந்தது. ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம்.

பால் டம்ளர்

அம்மாவைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். “மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே” என்பது நம் வீடுகளில் காலகாலமாகச் சொல்லும் சொல். பல மாத்திரைகளுக்கு அது சரிதான். இந்த மாத்திரைக்கு அது எதிராகப் போகிறது.

பார்க்கின்சனில் மூளைக்குள் டோப்பமின் என்ற பொருள் குறைகிறது. டோப்பமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் மூளைக்குள் போய் டோப்பமினாக மாறக்கூடிய லீவோடோபாவைக் கொடுக்கிறோம். சிண்டோபாவில் இருக்கும் முக்கிய மருந்து அதுதான். இந்த லீவோடோபா ஓர் அமினோ அமிலம். நாம் சாப்பிடும் பால், பருப்பு, முட்டை, மீன், சுண்டல் எல்லாவற்றிலும் உள்ள புரதமும் செரித்து அமினோ அமிலங்களாகத்தான் உடைகிறது. சிறுகுடலில் இரண்டுக்கும் ஒரே வாசல். மூளையின் எல்லையிலும் ஒரே வாசல். தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மாத்திரை அந்தக் கூட்டத்தில் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கவே நேரமாகும். காலை எட்டரைக்கு இட்லி, சாம்பார், பால், மாத்திரை. பத்தரைக்குக் கை கால் பூட்டு. நீங்கள் எழுதியிருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை. முடியாமல் போனால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடிக்கட்டும். எழுந்தவுடன் முதல் மாத்திரை, அதற்கு அரை மணி கழித்துக் காபி என்று வைத்தால் உங்கள் வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படாது. குமட்டினால் மாத்திரையோடு இரண்டு மேரி பிஸ்கட்டோ, ரஸ்க்கோ, பாதி வாழைப்பழமோ கொடுக்கலாம். அவற்றில் புரதம் குறைவு. அதற்காகப் பருப்பையும் பாலையும் சுத்தமாக நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் ஏற்கெனவே உடம்பு இளைக்கும். உணவு அப்படியே இருக்கட்டும், நேரத்தை மட்டும் பிரித்தால் போதும். இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு லீவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சரி, குமட்டல் ஏன் வந்தது? இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, பிரமிபெக்சோல் ஆரம்பத்தில் பலருக்குக் குமட்டும். இன்னொன்று அட்டையில் இருக்கும் அந்த எண். 110 என்றால் 100 மில்லிகிராம் லீவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா. லீவோடோபா மூளைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் டோப்பமினாக மாறிவிட்டால்தான் வாந்தி வரும். அப்படி மாறாமல் தடுப்பது கார்பிடோபாவின் வேலை. அதை ஒழுங்காகத் தடுக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. அப்பாவுக்கு நான்கு வேளைக்கும் சேர்த்து 40தான் போகிறது. 100க்கு 25 என்ற விகிதத்தில் வரும் மாத்திரை இருக்கிறது, 125 என்று சொல்வார்கள். அதே லீவோடோபா, கார்பிடோபா மட்டும் கூடுதல். “இதற்கு மாற்றலாமா?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை எட்டு மாதத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால், பால் டம்ளரும் வந்திருக்காது, கேஸ் மாத்திரையும் வந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் “110 இல்லை, இதுவும் சிண்டோபாதான்” என்று 275ஐயோ சி.ஆர். மாத்திரையையோ கொடுத்தால் வாங்காதீர்கள். 275இல் லீவோடோபா 250 மில்லிகிராம், இரண்டரை மடங்கு. சி.ஆர். என்பது மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது. அதைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. கம்பெனி வேறாக இருந்தால் பரவாயில்லை, அளவும் வகையும் மாறக் கூடாது.

அந்தக் கேஸ் மாத்திரை

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் வரியில் ரபிப்ரசோல், அது வெறும் அமிலக் குறைப்பு மருந்து, தொந்தரவில்லை. கீழ் வரியில் சின்ன எழுத்தில் லீவோசல்பிரைடு என்று இருக்கிறது. வாந்திக்குக் கொடுத்தது மெட்டோகுளோப்ரமைடு. இந்த இரண்டும் டோப்பமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்துகள். ஒரு பக்கம் நான்கு வேளை டோப்பமின் ஏற்றுகிறோம், இன்னொரு பக்கம் அது வேலை செய்யும் இடத்தையே பூட்டுகிறோம். பார்க்கின்சன் இல்லாத முதியவர்களுக்கே லீவோசல்பிரைடு நடுக்கத்தையும் இறுக்கத்தையும் வரவழைக்கும். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு ஐந்து மாதம் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் நிலைப்படியில் பார்க்கிறீர்கள்.

என் ஓபிக்கு வருபவர்களிடம் சீட்டைக் கேட்கும் முன் பையைக் கேட்பேன். மேஜைமேல் கொட்டச் சொல்வேன். போன வருடம் ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மஞ்சப்பையைக் கவிழ்த்ததில் மாத்திரை அட்டைகளோடு விபூதிப் பொட்டலம், பேருந்து டிக்கெட், பேரன் போட்டோ எல்லாம் விழுந்தன. அடியில் இதே சாதிக் கேஸ் மாத்திரை. அதை மட்டும் நிறுத்தினோம். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மூன்று மாதம் ஆனது. அடுத்த முறை மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அந்த மருமகள் அழுததை நான் மறக்கவில்லை, “நாங்களே கொடுத்தோமே டாக்டர்” என்று. அவர்கள்மேல் தப்பில்லை. செரிமானத்துக்கு என்று கொடுக்கும் மாத்திரை நடையைக் கெடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் மறுபடி மறுபடி “நிறுத்தாதீர்கள்” என்று சொல்வது பார்க்கின்சன் மாத்திரைகளை. இந்தக் கேஸ் மாத்திரையும் வாந்தி மாத்திரையும் அதில் சேராது. இன்றைக்கே உங்கள் நரம்பியல் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, இரண்டின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். அவரும் நிறுத்தத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். நல்ல பலன் தெரியச் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட ஆகலாம். பொறுமையாக இருங்கள். வாந்திக்கு மருந்து அவசியப்பட்டால் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் போன்றவை இருக்கின்றன. இதயத் துடிப்பைப் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவர் முடிவு செய்வார்.

இதே குடும்பத்தில் இன்னும் சில மருந்துகள் உண்டு. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புளூனரிசின். மனக் குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால். அப்பாவுக்குத் தலைசுற்றல் வேறு இருப்பதால் யாராவது முதல் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பெயர்களை ஒரு சின்ன அட்டையில் எழுதி, “பார்க்கின்சன் நோயாளி, இவற்றைத் தர வேண்டாம்” என்று மேலே போட்டு, அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். ஒரு பிரதி உங்கள் கைப்பேசியில்.

ஐந்து வருடக் கணக்கு

மாமா சொன்னதைப் பல மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். லீவோடோபாவைத் தள்ளிப்போட்டால் அதன் பலனைச் சேமித்துவைக்கலாம் என்ற எண்ணம். 2019இல் நெதர்லாந்தில் 445 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு முடிவு வந்தது. பாதிப் பேருக்கு உடனே ஆரம்பித்தார்கள், மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்து. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் நோய் நிலையில் வித்தியாசமில்லை. முன்னதாகச் சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் இல்லை. தள்ளிப்போட்டவர்களுக்குச் சேமிப்பும் இல்லை.

அப்படியானால் வருடம் போகப் போக மாத்திரையின் நேரம் ஏன் குறைகிறது? உங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி பெரியதாக இருக்கும்வரை மோட்டார் எப்போது ஓடியது என்று கவலையே இல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். லீவோடோபா ரத்தத்தில் தங்கும் நேரம் குறைவு, ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மூளையின் செல்கள் அதை வாங்கிச் சேர்த்துவைத்துக்கொண்டு தேவைக்குக் கொடுத்தன. நோய் நகர நகர அந்தச் செல்கள் குறைகின்றன, தொட்டி சின்னதாகிறது. அப்போது மோட்டார் ஓடும் நேரம் பார்த்துத்தான் குடம் வைக்க வேண்டும். மாத்திரை தேய்ந்துபோகவில்லை. வேளைக்கு நடுவே இடைவெளியைக் குறைப்பது, அளவைத் திருத்துவது, எண்டாகபோன் போன்ற துணை மாத்திரை சேர்ப்பது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. இரவு மாத்திரையை ஒளித்துவைப்பதால் தொட்டி பெரிதாகாது. விடிகாலையில் புரள முடியாமல் படுத்திருப்பதுதான் மிச்சம். அப்பா ஆசிரியர், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன். இந்தப் பத்தியை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

பூனைக்காலியைப் பற்றி மாமா சொன்னதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் கவனமாகச் சொல்கிறேன். 1937இலேயே தாமோதரன், ராமசாமி என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவைப் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே அது வெறும் பொடி இல்லை, அதே மருந்துதான். ஒரு ஸ்பூனில் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் மாறும். சிண்டோபாவின்மேல் இதையும் போட்டால் குமட்டல் கூடும், எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், தன்னால் கை கால் நெளிய ஆரம்பிக்கும். எவ்வளவு நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறைய நாள் சாப்பிட்டிருந்தால் அதையும் அவர் சொல்கிறபடி குறைத்தே நிறுத்துங்கள்.

திடீரென்று நிறுத்தினால்

கல்யாணத்துக்குப் போன அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தும்போது சிலருக்கு உடம்பு மரக்கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி, தசைகள் சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அப்பா தப்பித்தார். இனிமேல் மாத்திரை விட்டுப்போய் இறுக்கத்தோடு காய்ச்சலோ குழப்பமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வீட்டில் எப்போதும் பத்து நாள் மாத்திரை கையிருப்பு இருக்கட்டும். வெளியூர் போகும்போது பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். லீவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. செலவு கஷ்டமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் கேளுங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது; சான்றிதழுக்கும் அங்கேயே விசாரிக்கலாம்.

டார்ச் லைட்டுகள்

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் எழுதியதுதான் நல்லது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்கு ஆசையின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும். பொருள் வாங்கிக் குவிப்பது, சூதாடுவது, அளவில்லாமல் சாப்பிடுவது, பாலுறவு ஆசை மிகுந்துபோவது என்று ஆளுக்கு ஒரு விதமாக வரும். 68 வயதில் அப்பாவின் குணம் கெட்டுப்போகவில்லை. மாத்திரை ஆரம்பிக்கும்போதே இதைக் குடும்பத்துக்குச் சொல்லிவைப்பது எங்கள் கடமை. பல இடங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம், அது தப்புதான். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நீங்களே பிடுங்கி வைத்துவிடாதீர்கள். சட்டென்று விட்டால் படபடப்பு, வியர்வை, கடுமையான மனச்சோர்வு வரும். அதுவரை கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியை உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், திருட்டுத்தனமாக வேண்டாம். இந்த மாத்திரையால் பகலில் உட்கார்ந்தபடியே திடீரென்று தூங்கிவிடவும் கூடும். வண்டி ஓட்டுகிறார் என்றால் இப்போதைக்குச் சாவியை வாங்கி வையுங்கள்.

தலைசுற்றலுக்கு: நோயும், இந்த மாத்திரைகளும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதுவும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை இறக்குகின்றன. படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் ரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். கட்டிலில் இருந்து எழுந்ததும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்

குடலிறக்கம் அவசரம் என்று மருத்துவர் சொல்லாதவரை, மேலே சொன்ன முடிச்சுகள் கொஞ்சம் அவிழ்ந்தபிறகு தேதி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தள்ளிப்போட முடியாது என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரை முன்கூட்டியே நேரில் பார்த்து, அப்பாவின் மாத்திரைகளையும் நேரங்களையும் எழுதிக் கொடுங்கள். “ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் கூடாது” என்பது உணவுக்குச் சொல்வது. காலை சிண்டோபாவை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்கச் சொல்வார்கள். அறுவை முடிந்து வாயால் சாப்பிட முடியவில்லை என்றால், எந்த வழியில் எப்போது மாத்திரை போகும் என்பதையும் முன்னாலேயே பேசி வையுங்கள். வார்டில் மருந்து கொடுப்பது அவர்கள் சுற்று வரும் நேரத்துக்கு. அப்பாவின் நேரம் வேறு. அதனால் சொந்த மாத்திரையைக் கொண்டுபோய், செவிலியரிடம் சொல்லிவிட்டு, அலாரம் வைத்துக் கொடுங்கள். வாந்தி என்றாலும் குழப்பம் என்றாலும் அந்தச் சட்டைப் பை அட்டையை எடுத்து நீட்டத் தயங்காதீர்கள். டாக்டருக்குத் தெரியாததா என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரவுப் பணியில் இருப்பவர் அப்பாவை அன்றுதான் முதன்முறை பார்ப்பார்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும் முன் ஐந்து நாள் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் இருக்குமே, அவற்றின் பின்பக்கம் போதும். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை கால் நன்றாக இயங்கிய நேரம், பூட்டிக்கொண்ட நேரம், தன்னால் நெளிந்த நேரம். இதை நீங்கள் எழுத வேண்டாம், அவரையே எழுதச் சொல்லுங்கள். கூடவே மணிக்கு ஒருமுறை, அவருக்குப் பிடித்த குறள் ஒன்றை அதே தாளில் எழுதட்டும். இந்த நோயில் மருந்து இறங்கும்போது எழுத்து சுருங்கும். காலை ஏழரைக்கு வரி நிரம்ப எழுதியவர் பத்தே முக்காலுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தால், மருந்து எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று மருத்துவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து தாளையும் கசங்காமல் எடுத்துப் போங்கள். மாத்திரைப் பையையும் அப்படியே கொண்டுபோங்கள், எதையும் வீட்டில் எடுத்து வைத்துவிடாமல்.